பொறிஞ்சுவின் மௌனம் குறித்த தீர்மானம்

உதவி செய்வதற்கென்று ஒரு சங்கம் பதிவு எண்ணோடும் ரப்பர் முத்திரையோடும் கிளம்பிவிட்டால், அப்புறம் அதனிடம் போய் உதவி கேட்பதற்குத் தனியாக ஒரு நெஞ்சுரம் வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பொறிஞ்சுவுக்கு அது இருந்தது. தொண்டையில் குரல்தான் இல்லை.

பொறிஞ்சு இரிஞ்ஞாலக்குடா–திருச்சூர் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ரோசிலிக்கு அதற்கு முன்பே சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போயிருந்தது. அவர் எழுதிக் காட்டினால் அவளால் படிக்க முடியாது. அவள் எவ்வளவு பேசினாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. கல்யாணமான ஆண்களில் சிலர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்த வீட்டில் அரைநாள் இருந்து பார்க்க வேண்டும்.

தீராத நோயாளிகளை வீடு தேடிவந்து பார்க்கிற ஊர் பாலியேட்டிவ் கிளினிக்காரர்கள் ஒரு டேப், அதாவது சிலேட்டு மாதிரியான தொடுதிரைக் கம்ப்யூட்டர், கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் எழுதினால் அது வாய்விட்டுப் படிக்கும். முன்பு அதை வைத்திருந்தவர் அன்னம்மா டீச்சர், கான்வென்ட் பள்ளியில் வேதபாடம் எடுத்தவர். அவர் இறந்ததும் வீட்டார் கிளினிக்குக்குத் தந்துவிட்டார்கள். டீச்சர் தேர்ந்தெடுத்திருந்த குரல் அப்படியே இருந்தது. தெளிவான, அடக்கமான பெண் குரல். பொறிஞ்சு கண்டக்டர் பாஷையில் எழுதுவார். அது ஜெபம் சொல்கிற பதவிசோடு வெளியே வரும். “எடி ரோசிலி, உன் அண்ணன் ஒரு வெத்துவேட்டு” என்று அந்தக் குரல் சொல்வதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டு நான் காப்பியைச் சட்டையில் சிந்தியிருக்கிறேன். ரோசிலி சும்மா விடுவாளா? “கான்வென்ட்ல படிச்ச மாதிரி பேசினா நீ யோக்கியனாயிடுவியா மனுஷா?” என்பாள். இப்படியாக அந்த வீட்டில் சண்டை திரும்பி வந்து, சந்தோஷமும் வந்திருந்தது.

ஒருநாள் டேப் பேச்சை நிறுத்திவிட்டது. எழுத்து வருகிறது, சத்தம் வரவில்லை. கிளினிக்கில் டேப்பைப் பற்றித் தெரிந்த பையன் ஜெர்மனிக்கு நர்ஸாகப் போயிருந்தான். கடைக்காரர் புதிதாக வாங்கச் சொன்னார். அப்போது நான்தான், என் நாக்கில் சனி, ‘கைத்தாங்கு’ என்றேன்.

கைத்தாங்கு என்பது கம்ப்யூட்டர், ஃபோன் கோளாறுகளுக்கு இணையத்தில் இலவசமாக வழி சொல்கிற கூட்டம். ஆரம்பத்தில் நாலைந்து பேர் யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அவலம் நீடிக்கவில்லை. எங்கள் நாட்டு வழக்கப்படி தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளே இல்லாத பொருளாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழு எல்லாம் வந்து, விதிமுறைப் புத்தகமும் வந்துவிட்டது. பதில் சொல்கிறவர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள்.

கேள்வியை நான்தான் தட்டச்சு செய்தேன். பொறிஞ்சு பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு விவரமாக எழுதிக் காட்டினார். எந்த டேப், என்ன மென்பொருள், முந்தின நாள் காதில் மாட்டும் இயர்போன் ஒடிந்தது, எல்லாம். கடைசியில், ‘மென்பொருளின் உரிமம் அன்னம்மா டீச்சர் பேரில் இருக்கிறது, வேறொருவர் பயன்படுத்தக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது, அதையும் சேர்’ என்று எழுதினார்.

“அது எதுக்கு சேட்டா? அவங்க கேக்கலையே” என்றேன்.

அவர் சிலேட்டைத் துடைத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘என் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஒருத்தனும் ஏறியதில்லை.’

சேர்த்தேன். உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பது பெரியவர்கள் சும்மா சொன்னதில்லை.

கேள்வி போட்டு நான் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு பதில் வந்தது. நிமிஷா என்று ஒரு பெண், கொச்சியில் வேலை பார்க்கிறவள். திறந்து பார்ப்பதற்குள் அந்த இடத்தில் ‘இப்பதில் விதி பதினொன்றின் கீழ் நீக்கப்பட்டது’ என்று இருந்தது. விதி பதினொன்று, உரிமம் மீறிப் பயன்படுத்தும் மென்பொருள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் கூறலாகாது என்கிறது. கேள்வியின் தலையில் ‘பரிசீலனையில்’ என்று மஞ்சள் பட்டை கட்டிவிட்டார்கள்.

செயலாளர் சுனோஜ் தோஹாவில் இருக்கிறார். அவரை ஃபோனில் பிடித்தேன்.

“சேட்டா, நாங்க மறுக்கல. அதை முதல்ல புரிஞ்சுக்குங்க” என்றார். “மறுக்கலாமா வேண்டாமான்னு ஆலோசிக்கத்தான் குழு போட்டிருக்கோம். எடுத்தோம் கவுத்தோம்னு மறுக்கிற ஆளுங்க இல்ல நாங்க.”

“சத்தம் ஏன் வரலன்னு மட்டும் சொன்னாப் போதுமே?”

“சொல்லிடலாம். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஆனா தெரியறதையெல்லாம் சொல்லிட்டா அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு?”

எனக்குக் கொஞ்சம் புத்தி வேலை செய்தது. என் கண்ணாடிக்கடைப் பேரில் புதிதாக உள்ளே நுழைந்து, உரிமம், டீச்சர், பொறிஞ்சு ஒன்றையும் சொல்லாமல், ‘டேப்பில் சத்தம் வரவில்லை, என்ன செய்ய?’ என்று மட்டும் கேட்டேன். உடனே மூடிவிட்டார்கள். ‘இக்கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது. விடைக்கு அங்கே காண்க’ என்று ஒரு சுட்டி இருந்தது. அதைத் தொட்டால் பொறிஞ்சுவின் கேள்வி வந்தது, மஞ்சள் பட்டையோடு.

குழு கூடியது. கூடினால் பிரிய வேண்டுமே, பிரிந்தது. ஒரு சாரார், இது சட்டமீறல், ஆகவே பதில் சொல்லக் கூடாது என்றார்கள். மறு சாரார் சுதந்திர மென்பொருள்காரர்கள். அறிவுக்கு உரிமம் போட்டு விற்பதே பாவம், காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் பாவம், ஆகவே பதில் சொல்லக் கூடாது என்றார்கள். பதில் சொல்லக் கூடாது என்பதில் இருவருக்கும் மயிரிழை வேறுபாடு கிடையாது. எந்தக் காரணத்துக்காகச் சொல்லக் கூடாது என்பதில்தான் மண்டை உடைந்தது. வார முடிவில் கைத்தாங்கு உடைந்து, எங்கள் கட்சிகள் உடைகிற முறைப்படியே அடைப்புக்குறி முளைத்தது. கைத்தாங்கு (உரிமம்), கைத்தாங்கு (சுதந்திரம்). பொறிஞ்சுவின் கேள்வி யாருடைய சொத்து என்று கொஞ்ச நாள் தகராறு நடந்தது. உரிமம் பிரிவே வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு நுட்பமான சட்டப்பிரச்சினை எழுந்தது. உரிமத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, அன்னம்மா டீச்சருக்கு இல்லை. அப்படியானால் சட்டத்தின் பார்வையில் அந்தக் குரலில் பேசுவது டீச்சர்தானே? டீச்சர் பேசுவதில் மீறல் ஏது? ஆனால் தான் பேசுவதாக டீச்சர் எழுதித் தர வேண்டும். இதை இணைச் செயலாளர் இரண்டு பக்கத்துக்கு எழுத, அறுபத்தெட்டு பேர் கைதட்டுப் படம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கைதட்டு தவறுதலாக என்னுடையது.

நான் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோசிலியின் கை வேகும்வரை.

பேச்சு நின்றதிலிருந்து அவர்கள் உள்ளங்கையில் தட்டித்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. “கஞ்சி ஆச்சா? பயறு போட்டியா? பின்ன என்ன, பப்படமா? பப்படம் இல்லையா? பின்ன என்ன இழவத்தான் வெச்ச?” என்று ரோசிலி இருபது கேள்வி கேட்டு ஒரு சாப்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் அவர் கை தட்டுவார், அவள் சத்தம் வந்த பக்கம் வருவாள்.

அன்று அவர் கொதிக்கிற கஞ்சிப் பானையை இறக்கி அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, துணி எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ரோசிலி பானையை நோக்கி நடந்து வருகிறாள். அவரிடம் இருந்தது கை மட்டும்தான். தட்டினார். கூப்பிடுகிறார் என்று அவள் வேகமாக வந்தாள். இன்னும் பலமாகத் தட்டினார். அவள் இன்னும் வேகமாக வந்தாள்.

பானையில் கால் இடறி விழுந்ததில் வலது கை முழங்கை வரைக்கும் கொப்புளித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். “அடுப்பு வேலை நடக்கிற இடத்துக்கு எதுக்கு மனுஷா என்னைக் கூப்பிட்ட? குருட்டுக்காரின்னு தெரியாதா உனக்கு?” ஆமாம், இல்லை என்ற இரண்டு தட்டுகளில் அதற்குப் பதில் இல்லை. நான் எடுத்துச் சொல்ல வாய் திறந்தால், “நீ நடுவுல வராதே, கூப்பிட்ட மனுஷன் சொல்லட்டும்” என்று தடுத்துவிட்டாள். பொறிஞ்சு அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கே சுனோஜை மறுபடி அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“ஐயோ பாவமே” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “இரங்கல் போடணுமா சேட்டா? ஓ, உயிரோட இருக்காங்களா. சரி, அப்ப நான் விசாரணையை முன்னாடி கொண்டு வரேன்.”

“என்ன விசாரணை?”

“நோட்டீஸ் வரலையா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ரெண்டாவது குர்பானைப் பூசை முடிஞ்ச உடனே, வீடியோவுல. பொறிஞ்சு சேட்டன் சொந்த வாயால விளக்கம் சொல்லணும். திருப்தியா இருந்தா கேள்விய அனுமதிப்போம். இல்லன்னா கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் தெரியப்படுத்துவோம். டேப்ப அவங்க திரும்ப எடுத்துக்குவாங்க. அவ்வளவுதான், வேற ஒரு தொந்தரவும் இல்ல.”

“சுனோஜே, அவருக்குக் குரலே கிடையாது. அதுதான் கேள்வியே.”

“அதனாலதான் பேசறதுக்கு வாய்ப்புக் குடுக்கறோம்.”

“எழுதிக் குடுக்கலாமா?”

“எழுத்துல ஏற்கெனவே குத்தத்த ஒத்துக்கிட்டாரு. இன்னும் எழுதினா அவருக்குத்தான் கெட்டது. நான் அவர் நன்மைக்குச் சொல்றேன்.”

“அவருக்குப் பதிலா நான் பேசட்டுமா?”

“நீங்க உறுப்பினர் இல்லையே. கண்ணாடிக்கடைப் பேர்ல ஒருத்தர் வந்தாரு, இரட்டைக் கேள்வி கேட்டதுக்காக அவரையும் நீக்கிட்டோம்.”

ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பொறிஞ்சு சர்ச் பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டு, சிலேட்டும் டேப்பும் முன்னால் வைத்து உட்கார்ந்தார். கைக்கட்டோடு ரோசிலி பக்கத்தில் இருந்தாள். திரையில் சதுரம் சதுரமாக முகங்கள். நடுவில் தலைவர் மாதவன்குட்டி மாஷ், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். கடைசிச் சதுரத்தில் நிமிஷா, இணைந்த நேரத்திலிருந்தே வாயைத் திறக்கத் தயாராக.

முதலில், ஒரு உறுப்பினரின் சமீபத்தில் மறைந்த மாமனாருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி நடந்தது. விசாரணை முழுவதிலும் பொறிஞ்சு மற்றவர்களுக்குச் சமமாக நின்றது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு மாஷ் பேசினார். “நண்பர்களே, உதவின்னா என்ன? கேக்கிறவனுக்குக் கேட்டதைக் குடுக்கிறது உதவி இல்ல. அது கடைக்காரன் வேலை. கேக்கறதுக்குத் தனக்குத் தகுதி இருக்கான்னு அவனை யோசிக்க வைக்கிறோம் பாருங்க, அதுதான் உதவி. போன வருஷம் நம்மகிட்ட வந்த கேள்விகள்ல முக்கால்வாசியை நாம மூடியிருக்கோம். இந்த வருஷம் முழுசையும் மூடற நிலைக்கு வந்துடுவோம்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. அன்னிக்குத்தான் இந்த மன்றம் களங்கமே இல்லாத மன்றமா இருக்கும்.”

கைதட்டல். மேலும் பேசினார். விதி பதினொன்று பிறந்த வரலாற்றில் இருக்கும்போது திரை இருண்டது. காசு கட்டாமல் பயன்படுத்தும் கூட்ட அறை நாற்பது நிமிடத்தில் மூடிக்கொள்ளும், அன்றைக்கு மறுபடி அதே ஆளுக்குத் திறக்காது. ஆனால் உடனே எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். மாஷின் சதுரத்தில் இப்போது ‘மாதவன்குட்டி இரண்டு’ என்றும் சுனோஜ் சதுரத்தில் அவர் மனைவி பெயரும் இருந்தன. மாஷ் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். “சொல்லிட்டிருந்தேன், அடுத்தவன் பேர்ல இருக்கிறதை நாம எடுத்துப் பயன்படுத்தறது...”

ஒருவழியாக முடித்துவிட்டு, “இப்ப ஸ்ரீ பொறிஞ்சு விளக்கம் சொல்லலாம்” என்றார்.

பொறிஞ்சு சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்.

“எழுத்து தலைகீழாத் தெரியுது” என்றார் ஒருவர். “இடம் வலமா மாறியிருக்கு” என்றார் இன்னொருவர். எது சரி என்று அவர்கள் இருவரும் சிறிது நேரம் விவாதித்தார்கள்.

“வாயால சொல்லுங்க” என்றார் மாஷ்.

“அவரால முடியாது மாஷே” என்றேன்.

“அறையில யாரோ மூணாவது ஆள் பேசறாரு. குறிப்புல ஏத்த வேண்டாம்.”

அப்போதுதான் நிமிஷா வெடித்தாள். “மாஷே, இதென்ன கூத்து! சேட்டா, உங்க மென்பொருளுக்கு ஒண்ணுமே இல்ல. முதல் நாளே பதில் போட்டேன், அழிச்சுட்டாங்க. இயர்போன் ஒடிஞ்சதுன்னு எழுதியிருந்தீங்கல்ல? அதோட மு—”

அவள் சத்தம் நின்றது. சுனோஜ் ஒரு பொத்தானை அழுத்தி அவள் வாயை அடைத்திருந்தார். “ஒழுங்குப் பிரச்சினை” என்று விளக்கமும் தந்தார். நிமிஷா தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு தன் குரல் போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

பொறிஞ்சு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் போன ஒருத்தரோடு எப்படிப் பேசுவது என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கண்ணைத் திரையில் வைத்து, மேலே சொல்லு என்பதாகத் தலையை ஆட்டினார். நிமிஷா காதைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு விரலால் எதையோ ஒடித்தாள். ஒடிந்த நுனி உள்ளே நிற்பதாக ஒரு விரலை முஷ்டிக்குள் விட்டுக் காட்டினாள். ஒரு பேனாவை எடுத்து ரீஃபிலை உருவி, அதன் பின்பக்கத்தைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டுவதுபோலச் செய்து, உள்ளே குத்தி, நிறுத்தி, இழுத்தாள்.

மாஷ் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியிருந்தார். பொறிஞ்சு என் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். தீப்பெட்டியை நான் எடுத்து வந்தேன். சூட்டில் இளகிய ரீஃபில் நுனியை டேப்பின் ஓரத்து இயர்போன் துளையில் செருகி, இறுகும்வரை காத்திருந்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை சூடு காட்டினார். இம்முறை ரீஃபிலின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் டேப் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யார் காதிலோ இயர்போன் இருப்பதாக நினைத்து, அந்தத் துண்டின் வழியே பேசியிருக்கிறது.

“ஸ்ரீ பொறிஞ்சு, கடைசியா ஒரு வாய்ப்பு” என்றார் மாஷ். “ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?”

பொறிஞ்சு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, டேப்பைத் திரைப் பக்கம் திருப்பவில்லை. ரோசிலியின் பக்கம் திருப்பி வைத்து அழுத்தினார்.

அன்னம்மா டீச்சரின் குரல் நிதானமாகச் சொன்னது: “எடி, அன்றைக்கு நான் கை தட்டியது வா என்று இல்லை. அங்கேயே நில் என்று.”

ரோசிலி காற்றில் கையை நீட்டி அவர் முகத்தைத் தேடிப் பிடித்தாள். “அதை அன்னைக்கே சொல்லக் கூடாதா மனுஷா” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

“என்ன அது?” என்றார் மாஷ். “பெண் குரல் கேட்டுதே? அதுதான் சர்ச்சைக்குரிய மென்பொருளா? மன்றத்தோட கண் முன்னாலயே மீறலா? உடனே நிறுத்தச் சொல்லுங்க!”

ரோசிலி மடிக்கணினி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “மாஷே, கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள். “எங்க வீட்டுக்காரர் பேசறாரு.”

நான் மடிக்கணினியை மூடினேன்.

கூட்டக் குறிப்பு அடுத்த வாரம் வந்தது. சர்ச்சைக்குரிய மென்பொருள் வழியாகச் சொல்லப்பட்டதால் அந்த வாக்கியத்தைக் குறிப்பில் ஏற்ற இயலவில்லை என்று ஒரு அடிக்குறிப்பு. மற்றபடி, போதிய வாய்ப்புகள் தரப்பட்டும் ஸ்ரீ பொறிஞ்சு இறுதிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை, மௌனம் சம்மதம் என்பதால் குற்றச்சாட்டை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானிக்கப்படுகிறது. கிளினிக்குக்கும் நகல் போயிருந்தது. கிளினிக் தலைவி அதைப் படித்துவிட்டு, பேசாத மனிதர் என்றால் அவருக்கு டேப் அவசியம் வேண்டுமே என்று சொல்லி நகலைக் கோப்பில் போட்டுவிட்டாராம். நிமிஷாவை இரண்டு அடைப்புக்குறிகளிலிருந்தும் நீக்கியிருந்தார்கள்.

அந்தக் குறிப்பை நான் முழுசாகப் படிக்க வேண்டும் என்றுதான் வாசலில் உட்கார்ந்தேன். படிக்க முடியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், மீன்கறியில் குடம்புளி ஜாஸ்தி என்று ரோசிலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அன்னம்மா டீச்சர் மிகுந்த பதவிசோடு அவளுடைய அப்பா, அண்ணன், தாய்மாமன் என்று வரிசையாக ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டிருந்தார்.